வட்டாராவே இருமினால் யார் கேட்பார்கள்?

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ஒரு காலை. பனி இன்னும் விலகவில்லை. குழாயடியில் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. குடங்களுக்குப் பக்கத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட ஒரு சின்ன அலுமினிய டப்பி, ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு பெருமை. முதலில் நின்ற குப்பம்மா தன் டப்பியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"நல்லா கெட்டியா வந்திருக்குதும்மா. வேணும்னா தொறந்து பாருங்க," என்றாள்.

காலைக் காப்பியோடு இந்தப் பக்கத்தைப் பிரித்திருப்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். டப்பிக்குள் இருந்தது சளி. என் இளமையின் பெரும்பகுதி ஊரார் சளியை வாங்கிச் சேர்ப்பதில்தான் போயிற்று. அதை விட்டுவிட்டு நினைவுக் குறிப்பு எழுதினால் மிச்சம் இருப்பது என் கல்யாணம் ஒன்றுதான். அதில் அவ்வளவு சுவாரசியம் கிடையாது.

போன வாரம் எங்கள் ஆபீஸ் ஜீப்பின் குணாதிசயங்களை எழுதியிருந்தேன். சிக்கபள்ளாபூரிலிருந்து ஒரு வாசகர், "ஜீப்பைப் பற்றி இவ்வளவு எழுதினீர்களே, அதில் ஏறிப்போய் என்ன வேலை செய்தீர்கள் என்று ஒரு வரி கூட இல்லையே," என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதோ பதில்.

எச்சில் வேண்டாம், சளி வேண்டும்

அது அறுபதுகளின் தொடக்கம். டாக்டருக்குப் படித்து முடித்து, பெங்களூரில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் எபிடெமியாலஜி பிரிவில் சேர்ந்திருந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டவர்களெல்லாம் அது தோல் சம்பந்தப்பட்டதா என்று விசாரித்தார்கள். மற்ற டாக்டர்கள் தங்களைத் தேடி வருகிற நோயாளியைப் பார்ப்பார்கள், நாங்கள் ஊரைத் தேடிப்போய்ப் பார்ப்போம் என்று சொல்லி வைத்திருந்தேன். யாருக்கு நோய் வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பதுதான் வேலை.

எங்கள் வீடு மல்லேஸ்வரத்தில். அப்பா மைசூர் சமஸ்தானத்தில் ரெவின்யூ இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் லேடி டாக்டராகி நாலு பெரிய வீடுகளில் பிரசவம் பார்ப்பாள் என்று அம்மா வருஷக்கணக்காகக் கனவு கண்டிருந்தாள். நான் சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கினால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கொல்லைப்பக்கமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

"பிரசவம் பாக்கறவளுக்குத் தட்டுல பழமும் ரவிக்கைத்துண்டும் வெச்சுக் குடுப்பா. உனக்கு டப்பியில எச்சல்னா குடுக்கறா," என்பாள்.

"எச்சல் இல்லம்மா, சளி," என்று திருத்துவேன். திருத்தியதற்காக இன்னொரு தவலை வெந்நீர் விளாவப்படும்.

ஆனால் இந்த வித்தியாசத்தில்தான் எங்கள் பிழைப்பே இருந்தது. எச்சிலில் ஒன்றும் தெரியாது. நெஞ்சின் ஆழத்திலிருந்து காறி எடுத்த சளியில்தான் கிருமி தெரியும். முன்பின் தெரியாத ஒரு குடும்பஸ்தரிடம் போய் இதை மரியாதையாகக் கேட்க எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. நானே நடுத்தெருவில் நின்று இருமிக் காட்டினேன். "பாவம், அந்தம்மாவுக்கே ஒடம்பு செரியில்ல," என்று ஒரு பாட்டி எனக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

மற்ற தெருக்களில் கொடுத்த டப்பியில் பாதிதான் திரும்பி வரும். வந்ததில் பாதியில் நுரை நுரையாக எச்சில் இருக்கும். வராத டப்பிகளில் என்ன இருந்தது என்று விசாரித்தால் குங்குமம், சுண்ணாம்பு, ஒரு வீட்டில் தையல் ஊசிகள். மூடி நன்றாக இறுக்கமாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

அதனால்தான் ஸ்ரீராம்புரத்துக் காலை எனக்கு மறக்கவில்லை. கொடுத்த டப்பி அத்தனையும் நிறைந்து திரும்பிய ஒரே இடம் அதுதான்.

இருமிய ஆடு

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பிரிவின் தலைவரை எல்லோரும் சீஃப் என்றுதான் கூப்பிடுவோம். மதுரைப் பக்கத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. "நோயாளியை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். நோய் இல்லாதவனையும் விடாமல் எண்ணுகிறவன்தான் எபிடெமியாலஜிஸ்ட்," என்பார். அதாவது, பத்து பேருக்கு நோய் என்று சொல்வதில் பயனில்லை, எத்தனை பேரில் பத்து என்று சொல்ல வேண்டும். கீழே இருக்கிற அந்த எண்ணுக்கு டினாமினேட்டர் என்று பெயர். எங்கள் சீஃப் அதைச் சொல்லும்போது குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோலக் குரல் தாழ்ந்துவிடும்.

முதல் முறையாக எங்கள் பொறுப்பிலேயே ஓர் ஆராய்ச்சியை அவர் எனக்கும் நாகராஜுக்கும் கொடுத்திருந்தார். நாகராஜ் மைசூரில் புள்ளியியல் படித்துவிட்டு வந்த ஆறடி உயரக் கன்னடக்காரர். காட்டன்பேட்டையில் குடியிருந்து கற்றுக்கொண்ட தமிழ். ஆராய்ச்சியின் கேள்வி சுலபமானது: ஊருக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்கப் பணமும் இல்லை, வண்டியும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக, நாட்பட்ட இருமல் யாருக்கு இருக்கிறது என்று கேட்டு, அவர்கள் சளியை மட்டும் பரிசோதித்தால் காசநோயைப் பிடித்துவிட முடியுமா?

முதல் வேலை, வீடு வீடாகப் போய் ஆட்களைப் பெயர் எழுதுவது. அப்படித்தான் அந்த வட்டாராவுக்குள் போனோம். பெங்களூர்க்காரர்களுக்கு வட்டாரா என்றால் தெரியும். ஒரே நடை, ஒரே குழாய், இரண்டு பக்கமும் வரிசையாக ஒற்றை அறை வீடுகள். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெருங்காயம் ஒரு வீட்டில் இருந்தால் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்று அர்த்தம்.

முன் வீட்டில் கோவிந்தராஜு மேஸ்திரி இருந்தார். பக்கத்துத் துணி மில்லில் மேஸ்திரி. வட்டாராவின் ஆண்களில் பலருக்கு மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தவர். காக்கி அரைக்கால்சட்டையும் பெரிய மீசையுமாக எங்களோடு ஒவ்வொரு வாசலுக்கும் வந்தார்.

"நீங்க தைரியமா எழுதிக்கங்க டாக்டரம்மா. நா கூட இருக்கறப்ப ஒருத்தரும் பொய் சொல்லமாட்டாங்க."

குப்பம்மாவின் வீட்டில் அவள், கார்ப்பரேஷனில் வேலை பார்க்கும் புருஷன், இரண்டு பிள்ளைகள். வேறு யாராவது உண்டா என்று கேட்டேன். அவள் மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தாள்.

"தம்பி ஒருத்தன் இருக்கான், ஏழுமலைன்னு. இவரு மில்லுலதான் வேல. லீவு போட்டுட்டு ஆரணிப் பக்கம் ஊருக்குப் போயிருக்கான். எப்ப வருவான்னு தெரியாது."

ஊரில் இல்லாதவர்களை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எழுதாமல் விட்டேன். அப்போது வீட்டின் பின்பக்கத்திலிருந்து நீளமாக ஓர் இருமல் கேட்டது.

"அது ஆடுங்க," என்றாள் குப்பம்மா.

"ஆடா?"

"ஆடுதான். பனி ஒத்துக்கல."

மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். ஆடு இருமுமா என்று நான் மேலே கேட்கவில்லை. மல்லேஸ்வரத்தில் எங்களுக்கு ஆட்டோடு பழக்கம் இல்லை. ஜீப்பில் ஏறியதும் நாகராஜ் மட்டும், "பாவம் டாக்டரே. அந்த ஆட்டுக்குக் கம்பளி ஏதாவது போடலாம்," என்றார். புள்ளியியல்காரர்களின் மனசு இளகினது.

பெயர் எழுதிய மறு வாரம், இருமல் உள்ளவர்களுக்கு டப்பி கொடுக்கப் போனோம். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் யாருக்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டேன். குப்பம்மா கை தூக்கினாள். எதிர் வீட்டு லட்சுமி கை தூக்கினாள். பிறகு வீட்டுக்கு ஒருத்தி வீதம் வரிசையாகக் கை தூக்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இருமியும் காட்டினார்கள். மறுநாள் காலை டப்பிகள் நிறைந்து வந்தன.

சிவப்புக் குண்டூசிகள்

பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்த அன்று நாகராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

அந்த வட்டாராவில் டப்பி கொடுத்த அத்தனை பேருக்கும் சளியில் காசநோய்க் கிருமி. ஒருத்தி பாக்கியில்லை. மற்றப் பகுதிகளில் தெருவுக்கு ஒருவர் கிடைத்தாலே அதிகம்.

எங்கள் அறைச் சுவரில் நகர வரைபடம் ஒன்று இருந்தது. நாகராஜ் தன் தங்கையின் தையல் பெட்டியிலிருந்து சிவப்புத் தலைக் குண்டூசிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் குத்தினார். ஸ்ரீராம்புரத்தில் அந்த ஓர் இடம் மட்டும் அம்மை போட்டதுபோல ஆகிவிட்டது.

"நோடி டாக்டரே. இது சான்ஸே இல்ல. இதுல என்னமோ தொட்டதா விஷயம் இருக்குது," என்றார். கன்னடத்தில் நோடி என்றால் பாருங்கள், தொட்டதா என்றால் பெரிசாக.

எனக்கும் தலை கால் புரியவில்லை. நோய் பரவுகிற விதத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒன்றை நாங்கள் பார்த்துவிட்டோம் என்று நம்பினேன். இரண்டு பேரும் கான்டீனில் மசால் தோசையை ஆறவிட்டு, ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்தோம். யார் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் சின்னக் கசப்பு வந்து, அகரவரிசை என்று சமாதானமானோம். அகரவரிசையில் நான் முன்னால் வருகிறேன் என்பதை நாகராஜ் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்.

அடுத்தது எக்ஸ்ரே. வண்டி சந்து முனைக்குப் போயிற்று. பெண்கள் தலை நிறையப் பூவோடு, பெட்டியில் இருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தாலிச் சங்கிலியையும் ஊக்கையும் கழற்றச் சொன்னதில் அரை நாள் தகராறு. படம் கழுவி வந்தபோது அத்தனை பேருடைய நெஞ்சும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. ஒரு படத்தில் மட்டும் கழற்றாமல் விட்ட ஓர் ஊக்கு.

சளி நிறையக் கிருமி, நெஞ்சில் நோயே இல்லை. நாகராஜ் இதற்கும் ஒரு சித்தாந்தம் தயார் செய்துவிட்டார். நோய் தாக்காமலே கிருமியைச் சுமந்து திரிகிற புது வகை மனிதர்கள். சீஃப் படங்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். அடுத்த மாதம் வருவதாக இருந்த ஒரு வெளிநாட்டு நிபுணருக்கு இதைக் காட்டலாம் என்று மட்டும் சொன்னார். அவர் அவ்வளவு சொன்னது எங்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்த மாதிரி இருந்தது.

"மருந்து ஆரம்பிக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"எதற்கு? நெஞ்சில் நோய் இல்லாதவர்களுக்கு ஒரு வருஷம் மருந்து கொடுப்பதா? போய் நல்ல செய்தி சொல்லிவிட்டு வா."

நல்ல செய்தி

சந்தோஷமாகத்தான் போனேன். குழாயடியில் எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்கும் நோய் இல்லை, மருந்து சாப்பிட வேண்டிய அவசியமே இல்லை என்று சொன்னேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

குப்பம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"அதெப்படிம்மா இல்லன்னு சொல்றீங்க? சளியில பூச்சி இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இருந்தது. ஆனா நெஞ்சு சுத்தமா இருக்கு குப்பம்மா. நல்லதுதானே?"

"எனக்கு இருக்குதும்மா," என்றாள் லட்சுமி. "ராத்திரியெல்லாம் இருமறேன். எங்க வீட்டுக்காரரக் கேளுங்க."

"எனக்கும் எளச்சுப் போச்சு," என்றாள் நல்ல தாட்டியான இன்னொருத்தி.

உனக்கு வியாதி இல்லை என்று சொன்னதற்காக நோயாளிகள் டாக்டரோடு சண்டை போட்டதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தனக்குத்தான் வியாதி அதிகம் என்று வாதாடினார்கள். குப்பம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தருக்காவது மருந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. ஒரே ஒருத்தருக்கு. யார் பேருக்குன்னாலும் செரி."

அப்போது பின்பக்கத்திலிருந்து அந்த ஆடு இருமியது.

இந்தத் தடவை நான் டாக்டர் காதால் கேட்டேன். இருமல் நிற்காமல் ஏறி, கடைசியில் தண்ணீர் கலந்த மாதிரி ஒரு சத்தத்தோடு முடிந்தது. குப்பம்மா வழியை மறித்து நின்றாள். நான் அவளைத் தோளைப் பிடித்து விலக்கிவிட்டுப் பின்னால் போனேன்.

விறகு அடுக்கி, சாக்குப் படுதா கட்டிய ஓர் ஒதுக்குப்புறத்தில் இருபது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. வாயில் பொத்தியிருந்த துண்டில் ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை.

"நாந்தாங்க ஏழுமலை," என்றான். "மில்லுல சொல்லிடாதீங்க."

குப்பம்மாவின் திட்டம்

விஷயம் இதுதான். டி.பி. என்று ஒருவன் மேல் எழுதிவிட்டால் மில்லில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போன வருஷம் அடுத்த சந்தில் ஒருத்தன் அப்படி வேலை போய், மருந்துக்கும் வழியில்லாமல் செத்திருந்தான். ஏழுமலைக்கு இருமலில் ரத்தம் வந்ததும் அக்காக்காரி அவனை லீவு போடச் சொல்லி, விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பயம். அங்கே மில் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். இந்த நேரத்தில்தான் நாங்கள் பெயர் எழுதப் போய், இருமல் உள்ளவர்களுக்கு அடுத்த வாரம் டப்பி கொண்டுவருவோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஏழுமலையின் சளியைத் தன் பெயரில் கொடுத்தால் மருந்து தன் பெயரில் வரும், அதைத் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்று குப்பம்மா கணக்குப் போட்டாள். நாங்கள் டப்பியோடு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் எதிர் வீட்டு லட்சுமியிடம் யோசனை கேட்டாள்.

"நாந்தாம்மா சொன்னேன்," என்றாள் லட்சுமி. "இவ ஒருத்தி இருமினா மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்துடும். வட்டாராவே இருமினா யாரு கேக்கப் போறாங்க?"

வட்டாராவே இருமினால் கேட்பதற்கென்றே சிலர் மாதச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

விடியற்காலையில் ஏழுமலையின் முன்னால் டப்பிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அவனும் ஒவ்வொன்றிலும் இருமிக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு ஒருத்தி தன் பெயர் எழுதிய டப்பியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்துவிட்டாள். அந்த டப்பிகளை அவர்கள் புடவைத் தலைப்பில் துடைத்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கையைக் கழுவத் தோன்றுகிறது. ஆனால் அன்று அந்தச் சாக்குப் படுதாவுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. ஒரு பையனுக்காகத் தெரிந்தே அத்தனை பேரும் தங்கள் பெயருக்கு டி.பி. எழுதிக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். நான் அழுதுவிட்டேன்.

ஜீப்பில் காத்திருந்த நாகராஜிடம் சொன்னேன். கையிலிருந்த கணக்கு நோட்டை மூடினார். பிறகு, "அப்ப ஆடு?" என்றார்.

சீஃபிடம் யார் சொல்வது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். எனக்கு விழுந்தது. அவர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பையன் உன் டினாமினேட்டரில் இருக்கிறானா?"

"இல்லை சார். ஊரில் இல்லை என்று விட்டுவிட்டேன்."

"முதலில் அவனைச் சேர். வீட்டு எண், ஆள் எண் போதும். பெயர் இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. மருந்தை வீட்டிலேயே கொடு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களை மேஜைக்குள் போட்டார். "அந்த வெளிநாட்டுக்காரருக்கு லால்பாக் பூங்காவைக் காட்டிக்கொள்ளலாம்."

நாகராஜ் வரைபடத்திலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கித் தங்கையின் பெட்டிக்குத் திருப்பி அனுப்பினார். எங்கள் கட்டுரை தலைப்போடு நின்றுபோயிற்று.

மருந்தும் தந்தியும்

அந்தக் காலத்துக் காசநோய் மருந்தைச் சாப்பிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். தினமும் கைநிறைய மாத்திரை. அதில் ஒரு வகை வாயில் வைத்தாலே குமட்டும். வயிறு வேறு போகும். அதோடு ஊசி. ஏழுமலை ஒரு வாரத்தில், "இதுக்கு அந்த வியாதியே தேவல," என்றான். குப்பம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாத்திரை உள்ளே போயிற்று.

நான் ஊசியோடு ஒரே வீட்டுக்குள் அடிக்கடி நுழைந்தால் மற்றவர்கள் கண்ணில் படும். அதனால் குழாயடியில் எல்லாப் பெண்களுக்கும் சத்து மாத்திரை கொடுப்பதாக ஓர் ஏற்பாடு. அந்தக் கூட்டத்தில் நான் மட்டும் பின்பக்கம் போய்வருவேன். சத்து மாத்திரையில் லட்சுமிக்கு நன்றாகப் பசியெடுத்து, எனக்கு நன்றி சொன்னாள். குப்பம்மாவின் பிள்ளைகளையும் பரிசோதித்துப் பார்த்தேன். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

லீவு முடிகிற நாள் வந்தது. இருமல் நிற்கும்வரை மில்லுக்குப் போகவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். போகாவிட்டால் இடம் போய்விடும். குப்பம்மா யோசித்து, அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று ஆரணியிலிருந்து மில்லுக்குத் தந்தி அடிக்க ஆள் அனுப்பினாள்.

"உங்க அம்மாவுக்கு என்ன?" என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன்.

"எங்கம்மா போயி வருசக்கணக்காவுதும்மா. பெத்த புள்ளைக்கு இதுகூடச் செய்யமாட்டாளா?"

சில மாதத்தில் சளியில் கிருமி இல்லை. உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. மாத்திரையை நிறுத்தாமல் மில்லுக்குப் போகலாம் என்று அனுப்பினேன். போன முதல் நாளே குப்பம்மா என்னைத் தேடி எங்கள் ஆபீஸ் கேட்டுக்கு வந்துவிட்டாள்.

"மேஸ்திரி அவன மெஷின் பக்கம் உடலியாம். கோடவுன்ல கொண்டுபோயி உக்கார வெச்சிருக்காரு. சந்தேகம் வந்திருச்சும்மா. மெல்ல வெளிய தள்ளத்தான் பாக்கறாரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அதன் பிறகும் அந்த மீசை வாசலிலேயே இருக்கும். அவர் எப்போதும்போல, "வாங்க டாக்டரம்மா," என்பார். நானும் சத்து மாத்திரையின் பெருமைகளைப் பேசிக்கொண்டு வேகமாக உள்ளே நடப்பேன்.

முடிவு சொன்ன காலை

மருந்து முடிந்து, கடைசி எக்ஸ்ரேயும் எடுத்தாயிற்று. பழைய தழும்பு மட்டும் மெல்லிசாகத் தெரிந்தது. சளிப் பரிசோதனை சுத்தம். நாகராஜ் அந்தப் படத்தை என்னிடமிருந்து பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தானும் பார்த்தார். எக்ஸ்ரேயில் அவருக்கு ஒன்றும் புரியாது. இருந்தாலும், "ஃபஸ்ட் கிளாஸ்," என்றார். அன்று அவரும் என்னோடு ஜீப்பில் ஏறினார்.

காலை நேரம், குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் இருந்தார்கள். ஏழுமலை வேலைக்குப் புறப்பட்டு, சட்டைப் பொத்தானைப் போட்டபடி, கடைசியில் இருந்த அக்காவின் வீட்டு வாசலில் நின்றான். என் துரதிருஷ்டம், மேஸ்திரியும் முன் வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏழுமலையைப் பார்த்துப் பேசினால் விஷயம் உடைந்துவிடும். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு நின்றேன்.

குப்பம்மா என் முகத்தைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"எனக்கு எப்பிடிம்மா இருக்குது?" என்றாள்.

"உனக்குச் சரியாப் போச்சு குப்பம்மா. சுத்தமாச் சரியாப் போச்சு. இனிமே மருந்து வேண்டாம்."

"அப்ப எனக்கும்மா?" என்றாள் லட்சுமி.

"உனக்கும் சரியாப் போச்சு."

"எனக்கு?" "எனக்கும்மா?" என்று ஒவ்வொரு வாசலிலிருந்தும் கேட்டார்கள். நான் ஒவ்வொருத்திக்கும் பெயர் சொல்லிச் சரியாப் போச்சு என்றேன். டப்பியே கொடுக்காத ஒருத்தி கூடக் கேட்டாள். அவளுக்கும் சரியாகிவிட்டது. கடைசி வீட்டு வாசலில் ஏழுமலை பொத்தானைப் பிடித்தபடியே அழுதுகொண்டிருந்தான்.

மேஸ்திரி டீ தம்ளரைக் கீழே வைத்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தார்.

"எல்லாருக்கும் செரியாயிடுச்சுன்னா நல்லது டாக்டரம்மா. அப்ப நம்ம ஏழுமலய மறுபடி மெஷின் பக்கம் போடலாமுங்களா? பஞ்சுத் தூசி ஆவாதேன்னுதான் கோடவுன்ல வெச்சிருந்தேன். நீங்க சொன்னீங்கன்னா நாளைக்கே மாத்திடறேன்."

குடம் நிரம்பி வழிந்து என் காலை நனைத்தது.

"போடலாம்," என்றேன்.

குப்பம்மாவுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "தெரியுமா அண்ணே உங்களுக்கு? தெரிஞ்சும் ஒரு வார்த்த சொல்லலியே. உங்களப் பாத்துப் பயந்தே இந்த வட்டாரா பாதியா எளச்சுப் போச்சே."

மேஸ்திரி கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"நீங்கள்லாம் அவ்ளோ கஷ்டப்பட்டு மறைக்கறீங்க," என்றார். "எனக்குத் தெரியும்னு நா எப்பிடிம்மா வந்து சொல்றது? மரியாதையா இருக்குமா?"